லீலா அக்கா ஊழியத்துக்குப் போகவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கணவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பக்கவாதம் வந்து ஐந்து வருடமாகப் படுக்கையில் இருக்கிறவரைக் குளிப்பாட்டுவது அரை நாள் வேலை. கை முழுக்கச் சோப்பு. போன் மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தேன். துருக்கி நாட்டின் இஸ்மிர் நகரத்திலிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். லீலா அக்கா வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாவின் மகள். அக்கா நெஞ்சில் சளி கட்டி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், இன்று விடியற்காலையில் இறந்துவிட்டார்கள் என்றாள். நான் சரி, சரி என்று சொல்லிவிட்டு வந்து மீதிச் சோப்பைக் கழுவினேன். அழுகை அன்றைக்கு வரவில்லை.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞானலீலா என்பது முழுப்பெயர். குலசேகரம் பக்கத்தில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தார். அதே இடத்தில் நான் லேப் டெக்னீஷியன். பத்தொன்பது வருடம் ஒரே மேஜையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். ரப்பர் வெட்டுகிறவர்கள் வேலை முடித்து, சட்டையில் ரப்பர் பால் வாடையோடு பதினொரு மணிக்கு மேல்தான் வருவார்கள். மாத்திரையை நீட்டிவிட்டு, எப்போது எத்தனை சாப்பிட வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைப்பார் அக்கா. ஒருத்தர், "அதெல்லாம் வீட்டுக்காரிக்குத் தெரியும்" என்றார். "வீட்டுக்காரிக்கா காய்ச்சல்? நீரு சொல்லும்" என்று மாத்திரையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. அந்த மனிதர் சொன்ன பிறகுதான் கை விட்டது.

வீட்டில் மூத்தவர். கல்லூரியில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். தம்பியையும் தங்கையையும் படிக்கவைத்துக் கல்யாணம் செய்துகொடுத்தது அக்காதான். அது முடிந்ததும் அம்மா படுத்துவிட்டார்கள். அந்தப் படுக்கை பதினொரு வருடம். அக்கா கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. வேண்டுமா என்று அவரிடம் யாரும் கேட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்.

அம்மாவை அடக்கம் செய்த மறுவருடம் எங்கள் சபையிலிருந்து துருக்கிக்கு ஒரு புனிதப் பயணம் ஏற்பாடு ஆனது. பைபிளில் வருகிற பழைய ஏழு சபைகள் இருந்த ஊர்களைக் காட்டுவார்கள். நானும் அக்காவும் பெயர் கொடுத்தோம். இஸ்மிர்தான் ஞாயிறு பள்ளியில் நாங்கள் சிமிர்னா என்று கேட்ட ஊர். இரண்டாம் நாள் காலை எல்லாரும் இடிந்த தூண்களைப் பார்க்கப் பஸ்ஸில் ஏறினார்கள். அக்கா மட்டும் கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க போயிட்டு வாங்கோ. நான் இங்க இருக்கேன்" என்றார். அவரைத் தனியாக விட மனமில்லாமல் நானும் இறங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு வளைகுடாவின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடுகிற படகில் நாலு தடவை போய் வந்தோம். போய் இறங்கி ஒரு டீ, திரும்பி வந்து ஒரு டீ. பால் ஊற்றாத டீ, இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி டம்ளரில். எள் தூவின ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "ஏட்டி செலின், இங்க என்னை ஒருத்தருக்கும் அறியாது கேட்டியா. ஒருத்தருக்கும் எங்கிட்ட ஒண்ணும் வேண்டாம். என்ன சொகமா இருக்குட்டி!" எனக்குக் கால் வலித்தது, பஸ் எப்போது வரும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் துருக்கி மொழி படிக்க ஆரம்பித்தார். மருந்து அலமாரியில் பாதிப் பெட்டிகளுக்குத் துருக்கி மொழியில் பெயர் ஒட்டியிருந்தது. இங்கே வெயில் கொளுத்தும்போது, "இன்னைக்கு அங்க மழை" என்பார். ஓய்வு பெற்ற பிறகு, ரப்பர் நின்ற தன் பங்கு நிலத்தை விற்று, ஒரு வருடம் தங்குவதற்கு அனுமதி வாங்கினார். வருடாவருடம் அதைப் புதுப்பிக்க வேண்டுமாம்.

அப்போது தொடங்கியது அந்தக் கேள்வி. அங்கே யார் இருக்கிறார்கள்? நம் ஊரில் வெளிநாட்டுக்குப் போகாத வீடு இல்லை. ஆனால் ஆண்கள் வேலைக்குப் போவார்கள், பெண்கள் மகளுக்குப் பேறுகாலம் பார்க்கப் போவார்கள். ஊர் பிடித்திருக்கிறது என்று யாரும் போனதில்லை. அக்காவின் தம்பி என் முன்னால்தான் சத்தம் போட்டார். "அங்க ஆரு உண்டு? ஒண்ணும் இல்லாம இந்த வயசுல அந்நிய நாட்டுல போயி என்ன செய்யப் போறிய?"

"இருக்கப் போறேன்" என்றார் அக்கா.

அவரிடம் பதில் கிடைக்காதவர்கள் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். மீன் வாங்கப் போனால் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள். கணவர் படுக்கையில் விழுந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு யாரிடமும் பேசத் தெம்பில்லை. பெண்கள் சங்கச் செயலாளர் எமிலி அம்மா மூன்றாவது தடவையாகப் பிடித்துக்கொண்டார்கள். "நீ அவளுக்கக் கூடப்பெறந்தவ மாதிரியில்லா? உள்ளதச் சொல்லு. எதுக்குப் போறா?"

"சிமிர்னாவுக்கு ஊழியத்துக்குன்னு வச்சுக்கிடுங்கோ" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை முன்னால் அழைத்து, போதகரும் மூப்பர்களும் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். சபையில் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அக்கா மட்டும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தபடி நின்றார். ஊரில் கேள்வி அன்றோடு நின்றுபோனது. தம்பிகூட மாலை வாங்கி வந்தார்.

மறுநாள் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் களியக்காவிளை தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "அப்பா போனாரு, அதுக்காக உழைச்சேன். அம்மா கெடந்தா, அதுக்காக இருந்தேன். ஒரே ஒரு காரியம் எனக்குப் புடிச்சிருக்குன்னு செய்யப் போறேன். அதையும் நீ சபைக்கு எழுதிக் குடுத்திட்டியேட்டி." நான் அழுதேன். "அழாத. நீதானே சொன்ன, நீயே திருத்து. மனசிலாச்சா?" என்றார். திருத்துகிறேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன்.

நாலு வருடம் நான் திருத்தவில்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். மாதாமாதம் எமிலி அம்மா ஊழியச் செய்தி கேட்பார்கள். "சுகமா இருக்காங்க, எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொன்னாங்க" என்பேன். ஒரு பொய்க்குச் சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருந்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நினைப்பேன். அதற்குள் கணவருக்கு மருந்து நேரம் வந்துவிடும். கிறிஸ்துமஸ்தோறும் அக்கா போனில், "திருத்தினியா?" என்பார். "பாக்கேன் அக்கா" என்பேன்.

அங்கே அவருக்கு எல்லாம் இனித்துக் கிடந்தது என்று சொல்ல மாட்டேன். மூன்று மாடி ஏற வேண்டும், குளிருக்கு விரல் மடங்காது. முதல் வருடம் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் கேட்டு மனம் அடித்துக்கொண்டது. "மீனு நல்ல மீனு கெடைக்குது. கொடம்புளிக்கு எங்க போக?" என்றார். அந்த அனுமதியைப் புதுப்பிக்க ஒவ்வொரு வருடமும் வரிசையில் நின்று அலுத்துப்போனார். ஒருநாள் குரல் மிகவும் சோர்ந்திருந்தது. "எக்கா, பேசாம வந்திருங்கோ" என்றேன். "அசதியாத்தான் இருக்கு. ஆனா இது எனக்க சொந்த அசதியில்லா, செலின்? வேற ஆருக்க வேலையும் செஞ்சு வந்ததில்லயே" என்றார். அதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு மாதம் வந்து தங்கிப் போ என்று எத்தனையோ முறை கூப்பிட்டார். நான் எங்கே போக?

தன்னை அங்கேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று அக்கா எழுதி வைத்திருந்தார். அப்படியே நடந்தது. இங்கே ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனை. சிமிர்னாவில் உயிரைக் கொடுத்த ஊழியக்காரி என்று போதகர் ஐயா தொடங்கினார். சபைக் கோவில் சுவரில் அப்படியே பொறித்த கல் பதிக்கப் போவதாகவும் சொன்னார். கல் என்றதும் எழுந்து நின்றேன். "ஐயா, லீலா அக்கா ஊழியத்துக்குப் போகல்ல. அந்த ஊரு புடிச்சிருந்துது, போனாங்க. ஊழியம்னு சொன்னது நான்" என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் எமிலி அம்மா வந்தார்கள். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

"நாலு வருசம் எனக்க பிள்ளைகளுக்கு முன்னால அவளுக்காக்கும் ஜெபிச்சேன்" என்றார்கள்.

"மன்னிச்சிருங்கோ."

"அங்க என்னதான் செய்தா?"

"டீ குடிச்சாங்க. படகுல போனாங்க, வந்தாங்க. அக்கம்பக்கத்துல பேசினாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

எமிலி அம்மா என் கணவரின் கட்டிலைப் பார்த்தார்கள். அவர்கள் மாமியாரும் எட்டு வருடம் கிடந்துதான் போனார்கள். "தனியாப் போறாளே, நல்லா இருக்கணும் ஆண்டவரேன்னுதான் நான் கேட்டேன். நல்லா இருந்திருக்காளே!" என்றார்கள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஊருல குளிரு எப்பிடிட்டி? நம்மளால தாங்க முடியுமா?" என்று கேட்டார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இருவரும் சேர்ந்து அழுதோம்.

நேற்று வீட்டுக்காரம்மாவின் மகள் செய்தி அனுப்பியிருந்தாள். கல்லறையில் இப்போதைக்கு ஒரு மரப்பலகை நட்டிருக்கிறார்களாம். பெயருக்குக் கீழே ஏதாவது எழுத வேண்டும், அவர் இஸ்மிரில் என்னவாக இருந்தார் என்று எழுதலாம் எனக் கேட்டிருந்தாள். கணவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, யோசித்து, பதில் அனுப்பினேன். இன்று காலை படம் வந்தது. சைப்ரஸ் மரத்தடியில் புது மண், அதன் மேல் பலகை. பெயருக்குக் கீழே அவர்கள் மொழியில் நான் சொன்னது மட்டும் இருக்கிறது: இந்த ஊரில் வசித்தார்.

திருத்திவிட்டேன், அக்கா. தாமதம்தான், மன்னியுங்கள். வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரையும் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். நீங்கள் அங்கேயே இருங்கள்.