மார்ட்டின் ஐயாவுக்கு முகம் வழித்த காலம்

முதியோர் இல்லத்தில் முகம் வழித்துவிடும் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: கத்தியைத் தொண்டையில் வைத்த பிறகுதான் கிழவர்களுக்குக் கதை வரும். எண்பதுகளில் மன்னாரிலிருந்து மொன்றியலுக்கு அகதியாக வந்த எனக்கு, அங்கே வில்லரே பகுதியில் கிடைத்த முதல் வேலை அது.

விருந்துக்கு யார் யார்?

மார்ட்டின் ஐயா அமெரிக்கர். அங்கே சரித்திர வாத்தியாராக இருந்தவர். இப்போது ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தார், என்னைத் தினமும் "புதுசா?" என்று கேட்பார். ஒருநாள் நான் நுரை பூசிக்கொண்டிருக்க, புதிதாக வந்த தாதி அன்பாகத்தான் கேட்டாள்: "உங்கள் பிறந்தநாள் விருந்துக்கு எந்தச் சிநேகிதர்களைக் கூப்பிடலாம்?"

ஐயாவின் தாடை இறுகிவிட்டது. கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு நீதிபதிக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். இன்னொருவர் பெயர் என் வாயிலிருந்து வராது."

மிஞ்சின கேக்

விஷயத்தை அவருடைய மகள் ரூத் சொன்னாள். நகரின் லாசால் பக்கத்திலிருந்து ஞாயிறுதோறும் வருவாள். ஐம்பதுகளில் அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எல்லோருக்கும் நடுக்கமாம். ஐயாவை அரசாங்க விசாரணைக்குழு கூப்பிட்டு, "உன்னோடு கட்சிக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் யார்?" என்று கேட்டது. அவர் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளை ரூத்தோடு விளையாட விடவில்லை. அந்த வருடம் அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு பிள்ளைகூட வரவில்லை. அதற்குப் பேந்துதான் மூட்டை கட்டிக்கொண்டு மொன்றியலுக்கு வந்தார்கள்.

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்: "அந்தக் கேக்கை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் தின்று முடிக்க ஒரு கிழமை முழுக்க எடுத்தது. இன்றைக்கும் எனக்குக் கேக் பிடிக்காது."

தோடம்பழப் பை

ஒரு பனிக்காலத்தில், அமெரிக்காவிலிருந்து பஸ்ஸில் ஒரு கிழவர் ஆரஞ்சு நிறத் தோடம்பழங்கள் நிறைந்த பையோடு வந்து நின்றார். ரூத் கதவை மறித்துக்கொண்டாள். "அப்பாவைக் காட்டிக்கொடுத்தது இவர்தான். விடாதே" என்றாள் என்னிடம். நான் முகம் துடைக்கும் துவாயும் கையுமாக நின்றேன்.

ஐயா உள்ளேயிருந்து பார்த்துவிட்டார். என்னைத் தினமும் மறப்பவர் இவரை மறக்கவில்லை. கையை நீட்டிக் கூப்பிட்டார். ரூத் மெல்ல விலகினாள். வந்தவர் அழத் தொடங்கினார். ஐயா அவர் கையைத் தன் மடியில் வைத்துத் தடவினார். "அழாதே. உனக்கு அப்போது காப்பாற்ற மூன்று பிள்ளைகள். எனக்கு ஒன்றுதானே."

கோயில் வாங்கு

நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போகும் மாதா கோயிலுக்குச் சேவியரும் வருவான். ஊரில் முகத்தைச் சாக்கால் மூடி, இராணுவத்துக்குத் தலையாட்டி ஆள் காட்டியவன். அவன் தலையாட்டித்தான் என் தம்பி சிறைக்குப் போனான். சேவியர் உட்காரும் நீள வாங்கில் வேறு தமிழர் உட்காருவதில்லை.

தோடம்பழக் கிழவர் வந்துபோன பிறகு வந்த ஞாயிறு நான் போய் அவன் பக்கத்தில் இருந்தேன். ஏனென்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. பூசை முடிய, நிமிராமலே கேட்டான்: "அண்ணை, தம்பியை விட்டிட்டாங்களே?"

"ஓம். கலியாணமும் கட்டிட்டான்."

பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தான். "அப்ப இண்டைக்கு நான் நித்திரை கொள்ளுவன், அண்ணை."

இந்த வேலையில் முதுகுவலிக்குத் தைலம் இலவசமாகத் தருவார்கள். மற்ற வலிகளுக்கு நாங்களே ஏதாவது பார்த்துப் பூசிக்கொள்ள வேண்டியதுதான்.