குனிந்து நின்ற வேலி

மாலை நாலு பதினாலு. நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். மாமாவின் கைக்கடிகாரம் அன்று என்னிடம் இருந்தது. மணிக்கட்டில் நிற்காமல் நழுவியதால் மாமாவே அதை முழங்கைக்கு மேலே ஏற்றி மாட்டிவிட்டிருந்தார்.

இப்போது தென்காசியில் ஒரு முனை மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தெரு திரும்பும் இடத்தில் சுவரும் செடியும் மூன்றடிக்கு மேல் போகக் கூடாது, போனால் அனுமதி கிடைக்காது என்று வரைபடம் போட்டவர் சொல்லிவிட்டார். முதலில் அனுமதியை வாங்குவோம், அப்புறம் மேலே பச்சை வலை கட்டிக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்றாள் என் மனைவி. போன வாரம் அதே முனையில் என் மகளின் சைக்கிளுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு டெம்போ வந்து நின்றது. மகளுக்கு ஒரு கீறலும் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். நான்தான் போட்ட சத்தத்தில் தொண்டை கட்டி, இரண்டு நாள் பேச முடியாமல் கிடந்தேன். எதற்கு இவ்வளவு என்று மனைவி கேட்டாள்.

எங்கள் பழைய வீடு குற்றாலம் போகிற சாலையில், ஒரு வளைவின் உள்மூலையில் இருந்தது. அப்பா பட்டாளத்தில். வீட்டில் அம்மா, அக்கா, நான். பக்கத்துத் தெருவிலிருந்து மாமா தினமும் வந்துபோவார். முற்றத்துக்கும் சாலைக்கும் நடுவே நொச்சி வேலி ஒன்றுதான் மறைப்பு. வெயில் காலத்தில் அந்தச் சாலையில் நாய்கூடப் படுத்துத் தூங்கும். ஆனியில் சாரல் தொடங்கிவிட்டால் அருவிக்குப் போகிற வண்டிகள், திரும்புகிற வண்டிகள், ஈரத் துண்டோடு எண்ணெய் வழியத் தொங்கிக்கொண்டு வருகிற ஆண்கள். அந்த வருடம்தான் அக்கா தாவணி போட ஆரம்பித்திருந்தாள். அடுப்பங்கரை தவிர எல்லா வேலையும் முற்றத்தில்தான். அம்மா நொச்சியை வெட்டாமல் ஆள் உயரத்துக்கு வளரவிட்டாள்.

சாலை ஆபீசின் விதி வேறாக இருந்தது. வளைவில் வேலி, செடி, தட்டி எதுவானாலும் மூன்றடி. சீசனுக்கு முன்னும் நடுவிலும் அவர்களுடைய மேஸ்திரி வந்து அளப்பார். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த ஒரு கம்பு வைத்திருப்பார். கம்புக்கு மேலே தெரிகிற இலையெல்லாம் வெட்டுப்பட வேண்டும்.

இதற்கு மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். நொச்சி விளார் எவ்வளவு வளைத்தாலும் ஒடியாது. வேலி நெடுக ஒரு கயிற்றை ஓடவிட்டு, உச்சிகளை உள்பக்கமாக இழுத்து மடக்கி, முருங்கை மரத்தடியில் ஒரு முளையில் சுருக்குப் போட்டுக் கட்டிவிடுவார். வேலி பெரியவர்களைக் கண்ட மருமகள் மாதிரிக் குனிந்துகொள்ளும். மேஸ்திரி போனதும் சுருக்கை இழுத்தால் சளாரென்று எழுந்து நிற்கும். மடக்கிக் கட்ட மாமாவின் பலம் வேண்டும். அவிழ்க்க நான் போதும். உலகத்தில் இதைவிடச் சிறந்த விளையாட்டு இருக்க முடியாது என்று நினைத்தேன்.

மேஸ்திரி வருவதை முன்கூட்டியே அறிவதும் எளிதாக இருந்தது. கால்வாய்ப் பாலத்திலிருந்தே சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு வருவார். ஆளே இல்லாத சாலையில் இவருக்கு எதற்கு இந்த மணி என்று மாமா சிரித்துக்கொண்டே கயிற்றை இழுப்பார். மேஸ்திரி வந்து கம்பை நட்டுப் பார்ப்பார்.

"ஒங்க நொச்சி நல்ல அடக்கமா நிக்குது தங்கச்சி," என்பார் அம்மாவிடம்.

"ஒங்க புண்ணியம் அண்ணாச்சி," என்பாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அன்றும் அப்படித்தான் வந்தார், அளந்தார். கம்பை முருங்கையில் சாய்த்துவிட்டு, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தார். நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினார். மாமா கடிகாரத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "பெரிய முள்ளு இங்கன வரணும்லே. பத்து நிமிசம். அவரு பாலத்தத் தாண்டிப் போயிருவாரு. அதுக்கு முன்னால கையி வைக்கப்படாது." சொல்லிவிட்டுக் கொல்லைக்கு மாட்டைப் பார்க்கப் போனார். அப்போது மணி நாலு பத்து.

மூன்று நிமிடத்தில் சாரல் இறங்கியது. காயப்போட்ட துணியை எடுக்க அக்கா முற்றத்துக்கு ஓடிவந்தாள். அருவியிலிருந்து திரும்பிய ஒரு ஜீப் வளைவில் வேகம் குறைத்தது. குனிந்த வேலிக்கு மேலே முற்றம் முழுவதும் அவர்களுக்குத் தெரிந்தது.

"ஏட்டி, நனையாத. வண்டியில எடம் இருக்கு," என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். ஜீப் போய்விட்டது. அக்கா துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். தூரத்தில் அடுத்த வண்டியின் சத்தம் கேட்டது.

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு பதினாலு. சுருக்கை இழுத்தேன்.

வேலி எழுந்து நின்றது. நொச்சியிலிருந்து நீர் தெறித்து அக்காவின் முகத்தில் விழுந்தது. அவள் மூச்சு விட்டாள். அந்த நேரத்தில் பாலத்துப் பக்கமிருந்து சைக்கிள் மணி கேட்டது. விடாமல், நீளமாக. முருங்கையில் சாய்ந்திருந்த கம்பைப் பார்த்தேன். மறந்துவிட்டுப் போனவர் திரும்பி வருகிறார்.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். தொங்கினேன். வேலி ஒரு முழம்கூட இறங்கவில்லை. மணி எங்கள் வாசலுக்குத் திரும்பியது. அந்த அடுத்த வண்டி, ஒரு வேன், வளைவுக்குள் வந்தது. ஹாரன் சத்தம் கேட்கவில்லை. பிரேக் சத்தமும், அதற்குப் பிறகு தகரம் நசுங்குகிற சத்தமும் கேட்டன. மணி நின்றுவிட்டது.

மாமா ஓடிவந்தார். சாலையைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார். முதலில் கயிற்றைத்தான் பிடித்தார். இழுத்து மடக்கி, முளையில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் வேலியைத் தாண்டிக் குதித்தார். அந்த வரிசையை இன்றுவரை என்னால் மாற்றி நினைக்க முடியவில்லை.

கூட்டம் சேர்ந்தது. மேஸ்திரியின் இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. அவரை ஒரு காரில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனார்கள். வேன் டிரைவர் மலைக்கு அந்தப் பக்கத்து ஆள், மீசை முளைக்காத வயது. "வேலி மறைச்சு சாரே, சத்தியமா ஆளக் காணல," என்று எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னான். எல்லோரும் வேலியைப் பார்த்தார்கள். அது இடுப்பளவுக்கு, மிக அடக்கமாக, மழையில் நனைந்துகொண்டிருந்தது.

"இதாலே ஒன்ன மறைச்சிது? கண்ணு பொறத்தாலயா இருக்கு?" என்று ஒருவர் அறைந்தார். பிறகு இன்னொருவர். மாமா அடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை.

போலீஸ்காரர் என்னிடம் குனிந்து கேட்டார். "ஏலே, நீ பாத்தியா?"

மாமா என்னைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"நாலு பதினாலு," என்றேன்.

சூட்டிகையான பையன் என்று அவர் அதை எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மழை, வழுக்கல், வேகம் என்று மற்றவர்கள் பேசியதை நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். நினைவு வந்த பிறகு மேஸ்திரியும் போலீசிடம் அப்படித்தான் சொன்னாராம். தானே பார்க்காமல் திரும்பிவிட்டதாக. மாமா வருவதைக் குறைத்துக்கொண்டார். கடிகாரத்தை அவர் திருப்பிக் கேட்கவில்லை. அம்மா அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவைத்தாள். கயிறு கட்டியபடியே கிடந்தது. மடங்கிய விளார்களின் முதுகிலிருந்து புதுத் தளிர்கள் நேராக மேலே கிளம்பின. கம்பு முருங்கையில் சாய்ந்தபடியே இருந்தது. அம்மா முற்றத்தைப் பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குவாள். அக்கா முற்றத்துக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

சீசன் முடிந்து, சாலை மறுபடி நாய்க்குச் சொந்தமான பிறகு, ஐப்பசியில் ஒரு காலையில் மேஸ்திரியின் மனைவி வந்தார். அதற்கு முன் நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. வாசலிலேயே நின்று, ஆபீசில் கம்பைக் கேட்கிறார்கள், வாங்கிப்போக வந்தேன் என்றார். அம்மா உள்ளே கூப்பிட்டாள். அவர் வரவில்லை. காப்பி வேண்டாம் என்றார். நான் கம்பை எடுத்துக் கொடுத்தேன். சாய்ந்திருந்த இடத்தில் மரப்பட்டையில் ஒரு வெள்ளைக் கோடு ஒட்டியிருந்தது.

அவர் வேலியைப் பார்த்தார். பிறகு முளையை.

"அவுக இனிமே நடந்து அளக்க முடியாது மதினி. வேற ஒருத்தர் வருதாரு. மணியெல்லாம் அடிக்க மாட்டாராம். கயித்தக் கட்டி மடக்குதது அவருகிட்டச் செல்லாது, பொம்பளப்புள்ள இருக்க வீடு, வேற ஏதும் மறப்புக்கு வழி பாத்துக்கிட்டு வேலிய வெட்டிரச் சொல்லுன்னு சொல்லிவிட்டாவ."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்தாள். எங்கள் கயிற்றை யார் மேஸ்திரியிடம் காட்டிக்கொடுத்திருப்பார்கள் என்று நான் அன்று முழுவதும் யோசித்தேன். அக்காதான் என்று முடிவு செய்து, இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.