சுப்ராயன் கையில் கட்டிய பட்டை

கோட்டுச்சேரிமேட்டில் எந்தப் படகின் எஞ்சின் மக்கர் செய்தாலும் சுப்ராயனைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட மனிதர் நாற்பது வயதுக்கு மேல் தூக்கத்தைத் தொலைத்தார். பேச்சு ஓயவில்லை; சின்னச் சொல்லுக்கெல்லாம் சண்டைக்கு நின்றார். மனைவி வினிதா காரைக்கால் ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கும் மறுநாளே, சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டார் என்று பக்கத்துக் கட்டில்காரரைப் பிடித்துத் தள்ளினார். பிறகு அவருக்கே அழுகை வந்தது.

நர்ஸ் அஃபீஃபா அவர் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டினாள்.

"நெஞ்சுத் துடிப்பும் வேர்வையும் எகிறினா எங்க மேசையில சத்தம் வரும்ணே. கோவம் வர்றதுக்கு முன்னாடி சில பேருக்கு அப்படி ஏறும். முன்னாடியே தெரிஞ்சா ஒங்களுக்கும் நல்லதுதானே."

"மனுசனுக்கே மீட்டர் வச்சிட்டீங்களா சிஸ்டர்?" என்று சிரித்தார். ஆனாலும் திருடனுக்குக் காவல் போட்டதுபோல உள்ளுக்குள் உறுத்தியது.

சில நாள் கழித்து ஒரு மாலை, மேசையில் சத்தம் வந்தது. அஃபீஃபாவும் இரண்டு ஊழியர்களும் அடித்துப்பிடித்து ஓடிவந்தார்கள். சுப்ராயன் கேரம் பலகைமேல் குனிந்திருந்தார். எதிரே இன்னொரு நோயாளி ஃபயாஸ்.

"என்னண்ணே ஆச்சு?"

"செத்த சும்மா இருங்க சிஸ்டர், செவப்புக் காயி குழிக்கிட்ட நிக்கிது!"

காய் விழுந்தது. வார்டே கைதட்டியது. அஃபீஃபாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இந்தப் பட்டைக்குக் கோவம் எது, சந்தோசம் எதுன்னு தெரியாதுண்ணே. நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்."

அந்த வார்த்தையில் சுப்ராயனின் உறுத்தல் போயிற்று. அதற்கப்புறம் தன் உடம்பைத் தானே கவனிக்கத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த மச்சான் சிவக்குமார், படகு வேலையெல்லாம் வேறொரு மெக்கானிக்கிடம் போய்விட்டது என்று வாய்தவறி உளறிவிட்டான். சுப்ராயனுக்குக் காது சுட்டது. பற்கள் நறநறத்தன, விரல்கள் தாமாகவே மடங்கின. மேசையில் சத்தம் வருவதற்குள் எழுந்துவிட்டார்.

"சிஸ்டர், இது கோவந்தான். கொஞ்சம் நடக்கணும்."

அஃபீஃபா கூடவே நடந்தாள். வராந்தாவில் நாலு சுற்று, முகத்தில் குளிர்ந்த தண்ணீர். திரும்பி வந்து, "டீ குடிச்சியா மச்சான்?" என்று கேட்டார். சிவக்குமாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மாத்திரையிலும் நல்ல தூக்கத்திலும் தேறி, மறுமாதம் வீட்டுக்கு வந்தார். பட்டை ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. வேலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒருநாள் பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி ஓயாமல் அலறியபோது சட்டையை மாட்டினார்.

"வினிதா, உள்ள ஏறுது. கடக்கரைப் பக்கம் போயிட்டு வர்றேன்."

"போயிட்டு வாங்க. வர்றப்ப நல்ல மத்தி மீனாப் பாத்து வாங்கிட்டு வாங்க."

மத்தி கிடைக்கவில்லை. கானாங்கெளுத்தியோடு விசிலடித்துக்கொண்டே வீடு திரும்பினார்.