மூன்று மணிக் கேள்வி

பாரிஸின் லா ஷப்பலில் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்துவிட்டது. கடையில் நானும் சமையல்காரர் சிவமும் மட்டும்தான். அவர் வெங்காயம் உரிக்கும் மேசைக்கு மேலே எண்ணெய் படிந்த தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வின் கேள்விகளும் பதில்களும், அவர் கையெழுத்தில், தமிழில்.

"அமெரிக்கா போகப் போறீங்களா?" என்கிறேன்.

"நானோ? இஞ்சை இருக்கிறதுக்கே எனக்கு இன்னும் கார்ட் கிடைக்கேல்லை. நியூ ஜெர்சியிலை இருக்கிற தங்கச்சிக்குத்தான். ஆறு மாசமா ஒவ்வொரு நாளும் மூண்டு மணிக்கு ஃபோனிலை கேள்வி கேட்டு வந்தனான். நேற்று பாஸ் பண்ணிப்போட்டாள்."

தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டுகிறார்.

"இனி என்னத்தைக் கேக்கிறது? முந்தி மாசத்திலை ஒருக்காத்தான் கதைப்பம்."

மூன்று மணிக்கு ஃபோன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போடுகிறார்.

"என்ன அண்ணை, இண்டைக்குக் கேள்வி இல்லையோ?"

சிவம் தாளின் ஓரத்தை அழுத்தி மறுபடி ஒட்டுகிறார். அதிகாரியைப் போலக் குரலைக் கனப்படுத்திக்கொள்கிறார்.

"அரசாங்கத்துக்கு எத்தினை கிளை?"

"மூண்டு. சட்டமன்றம், சனாதிபதி, நீதிமன்றம்."

"ஏன் மூண்டு?"

"ஒண்டு தன்ரை எண்ணத்துக்கு ஆடாமல் மற்ற ரெண்டும் பாத்துக்கொள்ளும்."

"சரி," என்கிறார் சிவம். "மிச்சம் நாளைக்கு."