நூற்றொன்றாவது அளவு

2019 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். நான்கு டிகிரி குளிர், தூறல், காற்று இல்லை. ஹனோவரில் எங்கள் வீட்டிலிருந்து டிராமில் ஆறு நிறுத்தம் தள்ளியிருக்கும் பழைய உலோகக் கடையில், கையில் ஒரு பிஸ்கட் தகர டப்பாவுடன் நின்றுகொண்டிருந்தேன். டப்பாவுக்குள் சுட்டு முடித்த பித்தளைத் தோட்டாக்கூடுகள். கடைக்காரப் பையன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எல்லாம் வெறும் கூடுதானா என்று கேட்டான். நானூற்றுப் பன்னிரண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தராசில் கொட்டினான். ஒரு கிலோ எழுநூற்று எழுபது கிராம். ஆறு யூரோ இருபது செண்ட் கொடுத்தான். என் கணக்கில் அதைவிட அரை செண்ட் குறைவு. நீங்கள் சிரிக்கலாம். என் மனைவி நாற்பத்தைந்து வருடமாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

நிலவறையைக் காலி செய்கிறோம். மூன்றாம் மாடிக்கு இனி ஏற முடியாது என்று மகன் எங்களைத் தரைத்தள வீட்டுக்கு மாற்றுகிறான். நான் ஏறும் படிகள் ஐம்பத்துநான்கு. ஏறமுடிகிறது என்றுதான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. அந்த டப்பா அங்கேதான் கிடந்தது. திறந்தவுடன் ஒரு வாசனை வந்தது. கருகிய வெடிமருந்தும் பித்தளையும் கலந்த, நாக்கில் புளிப்பது போன்ற வாசனை. சாத்தூரில் பிறந்தவனுக்கு மருந்து வாசனை புதிதல்ல. என் அப்பா தீப்பெட்டி ஆபீசில் கணக்கர். குச்சிகளை எண்ணாமல் எடைபோட்டே எத்தனை என்று சொல்லிவிடுவார். அந்தப் புத்தி எனக்கும் வந்தது. ஆனால் நான் எடையும் போடுவேன், எண்ணவும் செய்வேன்.

1964இல் இங்கே ஆராய்ச்சிக்கு வந்தேன். லிண்டன் பகுதியில் ஓர் அறையை இரண்டு பேராக எடுத்திருந்தோம். வாடகை தொண்ணூறு மார்க், ஆளுக்கு நாற்பத்தைந்து. மற்றவர் சேவியர் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர், ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடம் வரைபவர். அவர் பென்சிலைப் பிடித்துக் கோடு இழுத்தால் அளவுகோல் வைத்தது போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பூசைக்குப் போய்விட்டு வந்தால், அப்புறம் நாள் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நான் பூசைக்கும் போகிறவனல்ல, ஆகவே காலையிலிருந்தே உட்கார்ந்திருப்பேன். கடைகள் மூடியிருக்கும். தெருவில் ஆள் இருக்காது.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மெக்கானிக் வெர்னர்தான் எங்களைத் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குக் கூட்டிப்போனான். இந்த ஊரில் அது ஒரு பெரிய விஷயம். பச்சைக் கோட்டுப் போட்டு, பதக்கம் மாட்டி, கோடையில் ஊர்வலம் போவார்கள். இரண்டு கறுத்த பையன்கள் போய் நின்றதும் எல்லோரும் முதலில் பீர் வாங்கிக்கொடுத்தார்கள், பிறகு ஒரு ரிவால்வரைக் கொடுத்தார்கள். என் குண்டு இலக்குப் பலகையையே தொடவில்லை. அண்ணாச்சி ஐந்து குண்டில் நான்கை நடுவட்டத்துக்குள் போட்டார்.

"நம்ம ஊர்ல காக்கா சுட்டிருக்கீரா?" என்றேன்.

"காக்காவா? எங்கம்மா வெளக்குமாத்தால அடிச்சிருப்பா வே. இது கோடு போடுத மாதிரிதான். மூச்ச நிறுத்தணும், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து எங்கள் ஞாயிறு நிரம்பியது. ஆனால் கடைத் தோட்டா ஒன்று முப்பத்தைந்து பென்னிக், நூறு பென்னிக் ஒரு மார்க். ஒரு ஞாயிறுக்கு ஐம்பது சுட்டால் பதினேழரை மார்க். மாதம் நான்கு ஞாயிறு என்றால் எழுபது, அதாவது இருவர் வாடகையில் முக்கால்வாசிக்கும் மேல். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது அண்ணாச்சி தாளைத் திருப்பிவைத்துவிட்டார். வெர்னர் சொன்னான், கூட்டை எறியாதே, கூடுதான் விலை, அதை நாமே மறுபடி நிரப்பலாம் என்று. அவனுடைய நிலவறையில் அழுத்துகருவி இருந்தது, அனுமதியும் அவன் பெயரில் இருந்தது. கூட்டின் அடியில் பொருத்தும், தீப்பொறி தரும் கேப்பு ஆயிரமாக வாங்கினால் ஒன்று மூன்று பென்னிக். மருந்து பெரிய டின்னாக வாங்கினால் ஒரு தோட்டாவுக்கு இரண்டு. ஈயக் குண்டு ஐந்நூறு முப்பது மார்க், ஒன்றுக்கு ஆறு. ஆக மொத்தம் பதினொன்று. ஒரு தோட்டாவில் இருபத்துநான்கு பென்னிக் மிச்சம். கூட்டுக்குக் காசே இல்லை. மற்றவர்கள் சுட்டுவிட்டுத் தரையில் விட்டுப்போவதை நான் குனிந்து பொறுக்கினேன். பத்துக் கம்பெனிக் கூடுகள் கலந்து கிடக்கும். சங்கத்தில் எனக்கு 'கோழி' என்று பெயர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

1967 முதல் நான்கு வருடத்தில் மூவாயிரத்து இருநூறு தோட்டா நிரப்பினோம். மிச்சம் எழுநூற்று அறுபத்தெட்டு மார்க். மூன்று பங்கு, ஆளுக்கு இருநூற்று ஐம்பத்தாறு. அதில் நான் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினேன். அதுவும் நிலவறையில்தான் கிடந்தது, பூச்சி அரித்து.

வேலைப் பங்கீடு இப்படி. நான் மருந்து அளந்து கூட்டில் போடுவேன். வெர்னர் குண்டை வைத்து அழுத்துவான். அண்ணாச்சி பேசுவார். ஆரம்பத்தில் வெர்னருக்கு ஒரு வழக்கம் இருந்தது. குண்டு வைக்கும் முன் தட்டிலிருக்கும் எல்லாக் கூட்டுக்குள்ளும் கைவிளக்கை அடித்து, மருந்து ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்ப்பான். அந்தக் கூட்டின் உயரத்துக்கு மருந்து கொஞ்சம்தான். தவறி இரண்டு அளவு விழுந்தாலும் வெளியே தெரியாது, உள்ளே அடங்கிவிடும்; சுடும்போது துப்பாக்கியே வெடித்துவிடும். அதனால்தான் விளக்கு. ஆனால் நான் ஒவ்வொரு முறையும் வேலைக்கு முன்னும் பின்னும் மருந்து டின்னை ஆய்வுக்கூடத்திலிருந்து இரவல் கொண்டுவந்த தராசில் நிறுத்து நோட்டில் எழுதுவதையும், அது ஒரு தடவைகூடப் பிசகாததையும் பார்த்துவிட்டு, இரண்டாவது வருடம் விளக்கை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டான். நீ எண்ணும்போது எனக்கு விளக்கு எதற்கு என்றான். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கம் தானியம் அளப்பவர்கள் ஒன்று என்று சொல்லமாட்டார்கள். முதல் மரக்காலை 'லாபம்' என்பார்கள், பிறகு இரண்டு, மூன்று என்று போகும். நானும் அப்படித்தான் எண்ணுவேன், சத்தமாக. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினாலும் முதல் அளவு லாபம்தான். அண்ணாச்சி கேலி செய்வார். வெர்னர் அது ஏதோ மந்திரம் என்று நினைத்தான்.

1971 செப்டம்பர் 25, சனிக்கிழமை. மறுநாள் சங்கத்து அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. அண்ணாச்சி பெயர் பட்டியலில் இருந்தது. இதுவரை வெளிநாட்டுக்காரன் யாரும் அந்த அணியில் இருந்ததில்லை. நூறு தோட்டா நிரப்பினோம். ஐம்பது வரை வந்தபோது வெர்னரின் மனைவி மேலிருந்து கூப்பிட்டாள். சனிக்கிழமை நான்கு மணிக்குக் காப்பி, நீலப் பிளம்ஸ் பழம் வைத்த கேக். நான் இரண்டு துண்டு தின்றேன். கீழே வந்து, தட்டில் விட்ட இடத்திலிருந்து, லாபம் என்று தொடங்கினேன்.

முடித்தபோது ஐம்பத்தொன்று என்று வாய் சொன்னது.

தட்டில் நூறு கூடுதான் இருந்தது. எண்ணியது முதல் பாதி ஐம்பது, இரண்டாம் பாதி ஐம்பத்தொன்று. எங்கோ ஓர் எண்ணை இருமுறை சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். வெர்னர் அதற்குள் குண்டுகளை அழுத்தத் தொடங்கியிருந்தான். எல்லாம் முடிந்து, ஐம்பது ஐம்பதாக இரண்டு பெட்டியில் அடுக்கிய பிறகு டின்னை நிறுத்தேன். நூற்றொரு அளவுக்கான மருந்து குறைந்திருந்தது.

அண்ணாச்சி படிக்கட்டில் நின்று, "என்ன வே, முகத்தப் பாத்தா இந்தியன் பேங்க் திவாலான மாதிரி இருக்கு," என்றார்.

"ஓர் அளவு உதைக்குது."

"ஒண்ணுதான? விடும் வே. மேசையில சிந்தியிருக்கும். உம்மளக் கட்டிக்கிடப்போற பொண்ணு பாவம்."

மேசையில் கொஞ்சம் சிந்தியிருந்தது உண்மைதான். ஓர் அளவு இருக்குமா என்று தெரியாது. அதைக் கூட்டி நிறுத்துப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. நான் செய்தது இதுதான்: நூறு தோட்டாவையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். ஒன்றுக்கொன்று வித்தியாசம் காட்டியது. ஆனால் பொறுக்கி எடுத்த பத்துக் கம்பெனிக் கூடுகள், கூட்டின் எடையே ஓர் அளவு மருந்துக்கு மேல் ஏறி இறங்கும். எடையில் ஒன்றும் தெரியவில்லை. ஒரே வழி, எல்லாவற்றையும் பிரிப்பது. சுத்தியல் போன்ற ஒன்று இருக்கிறது, தோட்டாவை அதில் மாட்டித் தரையில் தட்டினால் குண்டு கழன்று விழும். மருந்தும் கேப்பும் கூடும் திரும்பக் கிடைக்கும். ஈயக் குண்டு மட்டும் நசுங்கிப்போகும். நூறு குண்டு, ஆறு மார்க். அதோடு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தட்ட வேண்டும், மறுபடி நிரப்ப வேண்டும்.

நோட்டை எடுத்து எழுதினேன்: 'சிந்திய மருந்து ஓர் அளவு. இரண்டு பென்னிக்.' கணக்கு நேரானது.

மறுநாள் வெயில் அடித்தது. பதினெட்டு டிகிரி. அண்ணாச்சி ஒரு பெட்டியை எடுத்துப்போனார், மற்றொன்று எங்கள் அறையில் இருந்தது. நான் அவருக்குப் பின்னால் நின்று எண்ணினேன். முப்பத்தெட்டு குண்டில் முப்பத்தொன்று நடுவட்டத்தில். முப்பத்தொன்பதாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. ரிவால்வரின் மேல்பகுதி இல்லை. அண்ணாச்சி கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வலது கையில் ஆள்காட்டி விரலும் கட்டைவிரலில் பாதியும் போய்விட்டன.

போலீஸ் மீதிப் பதினொரு தோட்டாவையும் துப்பாக்கியையும் எடுத்துப்போனது. பதினொன்றும் சரியாக இருந்தன. பழைய இரும்பு களைத்துப்போயிருக்கலாம், அல்லது தோட்டா, உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். வெர்னர் தானாகப் போய், விளக்கு அடித்துப் பார்க்காதது தன் தவறு என்று எழுதிக்கொடுத்தான். அனுமதியைத் திருப்பிக் கொடுத்தான். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒருவர்தான் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள். கை பெரிய வெள்ளைப் பொதியாகத் தலையணை மேல் இருந்தது. அண்ணாச்சி கூரையைப் பார்த்தபடி சொன்னார்:

"ஒண்ணு கேக்கேன் வே. அன்னிக்கு ஓர் அளவு உதைக்குதுன்னீரே. அப்புறம் கணக்கு சரியாச்சா?"

"சரியாயிட்டு அண்ணாச்சி."

"அப்பம் சரி. நீரு சொன்னா சரியாத்தான் இருக்கும். துப்பாக்கிதான் பழசு."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. கட்டிலின் தலைமாட்டில் எத்தனை கம்பி என்று எண்ணினேன். பதினான்கு. அந்த ஒன்றும் தோன்றாத நிலை சில நாளில் போய்விடும் என்று நினைத்தேன். அதோடேயே கல்யாணம் செய்தேன், பிள்ளை பெற்றேன், ஓய்வு பெற்றேன்.

வரைபட வேலை போயிற்று. தொழிற்சாலை கொடுத்த கிடங்கு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி அடுத்த வருடம் ஊர் திரும்பினார். உப்பளத்தில் மேற்பார்வை. முதல் கடிதம் எட்டு மாதம் கழித்து, இடது கையால் எழுதி வந்தது. எழுத்துகள் எல்லாம் காற்றில் சாய்ந்த மாதிரி இருந்தன. மூட்டை எண்ணும் வேலை, உம்மை நினைத்துக்கொண்டே எண்ணுகிறேன், உம்மைப்போல் வராது என்று எழுதியிருந்தார். வருடம் இரண்டு கடிதம், இருபத்தாறு வருடம். பிறகு அவர் மகன் ஒரு கடிதம் எழுதினான். ஐம்பத்திரண்டுக்கும் நான் பதில் போட்டேன். வானிலை, விலைவாசி, என் முழங்கால். ஐம்பத்து மூன்றாவதற்கும் போட்டேன்.

சுடும் கூடம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் நிலையம். வெர்னர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. அவன் மனைவி அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசிவரை அந்த விளக்கைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள். நான் தலையாட்டினேன். லிண்டனில் எங்கள் அறை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பென்னிக் போயிற்று, மார்க் போயிற்று. அந்தப் பிளம்ஸ் கேக் மட்டும் இன்னும் எல்லா பேக்கரியிலும் கிடைக்கிறது, துண்டு இரண்டு யூரோ எண்பது.

தகர டப்பாவின் அடியில் நோட்டு இருந்தது. அதைப் பழைய உலோகக் கடையில் யாரும் வாங்கமாட்டார்கள். டிராமில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அறையில் மிஞ்சியிருந்த இன்னொரு பெட்டியை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்த வாரம் நான் தனியாக உட்கார்ந்து பிரித்திருக்கிறேன். எழுத்து நேராக, அழகாக இருக்கிறது.

'1971 அக்டோபர் 2, சனி. பிரித்தவை ஐம்பது. ஐம்பதிலும் ஒரே அளவு மருந்து. நேரம் ஒரு மணி பத்து நிமிடம். நசுங்கிய குண்டு ஐம்பது. நஷ்டம் மூன்று மார்க்.'