லாக்கரில் வைக்கச் சொன்ன எண்ணெய்

நான் இருந்தேன். தொழிலாளர் விடுதியில் என் அறையில் தங்கும் முருகேசன் இருந்தான். தெம்பனிஸில் குடியிருக்கும் அவன் மச்சான், ஆபீஸில் வேலை பார்ப்பவர், அவரும் இருந்தார். சிங்கப்பூர் தேக்கா டீக்கடை, ஞாயிற்றுக்கிழமை.

மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையால் எனக்கு ஓயாத குமட்டல். தூக்கமும் போனது. டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் முதலாளிக்குத் தெரிந்து ஊருக்கு அனுப்பிவிடுவார் என்று பயம்.

மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார்.

"ரெண்டு சொட்டு நாக்குக்கு அடியில விடுங்க. குமட்டல் நின்னுடும்."

"என்னண்ணே இது?"

"கஞ்சா எண்ணெய். வெளிநாட்டுல டாக்டரே எழுதிக் கொடுக்கிறாங்க லா."

"இங்க பிடிச்சா ஜெயிலுண்ணே."

"யாருக்குத் தெரியப் போவுது? உங்க ரூம் லாக்கர்ல வெச்சுக்குங்க."

"உங்க வீட்டுலயே இருக்கட்டுமே. வேணும்னா வந்து போட்டுக்கிறேன்."

"ஐயோ, வீட்டுல பிள்ளைங்க இருக்காங்கப்பா!"

டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். முதலாளிக்கு எதுவும் போகாது என்றார். போகவில்லை. சில வாரங்களில் குமட்டல் விட்டது.

கோபம்தான் விடவில்லை. அவர் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களாம். எங்கள் அறையில் படுப்பவர்கள் பன்னிரண்டு பேர்.