என் கைக்கு மட்டும் சுரந்த பால்

என் கணவரின் அண்ணன் என்னை ரப்பர் குழாயால் அடித்தது ஒரே ஒரு முறைதான். அதற்கு நான் பழிவாங்குவது இன்னும் முடியவில்லை.

லாபிஸ் பட்டணத்துக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடுகள் இரண்டும் இருக்கின்றன. முன்வீடு அவருடையது, பின்வீடு எங்களுடையது. நடுவில் மாட்டுக் கொட்டகை. மாமனார் இறந்தபோது ஏழு கறவை மாடுகளை இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக விட்டுப் போனார். என் கணவர் பாசிர் கூடாங் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஆகவே மாடுகள் அண்ணன் கைக்குப் போயின. திருமணத்துக்கு முன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்த எனக்கு மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. சாணி அள்ளினேன், தரை கழுவினேன். கறப்பது அவர் மட்டும்.

அவர் கறக்கும் விதம் இது. பின்னங்கால்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டு, தோளில் ஒரு முழ நீள ரப்பர் குழாயைப் போட்டுக்கொண்டு உட்காருவார். மாடு வாலை வீசினால் ஓர் அடி. காலை மாற்றி வைத்தால் இரண்டு. மாடுகள் அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே மூத்திரம் விடும்.

முதல் கன்று ஈன்ற கறுப்பு மாடு ஒன்று இருந்தது. கன்று ஈன்று நாலு நாள்கூட ஆகவில்லை, மடி வீங்கியிருந்தது, தொட்டாலே வலித்திருக்கும். அவர் காம்பைப் பிடித்ததும் கயிற்றோடு சேர்த்து உதைத்தது. வாளி உருண்டது. அவர் எழுந்து அடிக்க ஆரம்பித்தார். எண்ணி அடிக்கிற அடி இல்லை அது. கறுப்பு மாடு கத்தக்கூட இல்லை, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு நின்றது. எனக்கு என்ன வந்ததோ, ஓடிப்போய்க் குழாயைப் பிடித்தேன்.

"போதும் மாமா, அதுக்கு வலிக்குது."

"நேத்து வந்தவ எனக்கு மாடு சொல்லிக் குடுக்கிறியா?"

குழாயைப் பிடுங்கி என் முழங்கைக்கு மேலே விளாசினார். பால் வாங்க வந்த இரண்டு பேர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தரையைப் பார்த்தார். மற்றவர் தன் தூக்கை நீட்டி, "அரை லிட்டர் போதும்ணே" என்றார்.

அன்று மாலை கறுப்பு மாட்டின் விலாவில் மஞ்சள் தடவும்போது பார்த்தேன். அதன் தோலில் இருந்த தடிப்பும் என் கையில் இருந்த தடிப்பும் ஒரே அகலம்.

சனிக்கிழமை வீட்டுக்கு வந்த கணவரிடம் கையைக் காட்டினேன். அவர் என் கையைத் தொட்டுப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "அண்ணன் கோபக்காரரு, தெரியும்தானே. விடு லா" என்றார்.

நான் விடவில்லை. சண்டை போட்டால் அவர் ஜெயிப்பார், அழுதால் ஊர் சிரிக்கும். அவர் எதைக் காட்டி ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறாரோ, அதை அவர் கையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவரிடம் இருந்தது மாடுகள்தான்.

முதல் இரண்டு வாரம் நான் செய்ததெல்லாம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது மட்டும். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மாடுகளின் கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் திரும்பி உட்காருவேன். எதற்கெல்லாம் மிரளுகின்றன என்று கவனித்தேன். இரும்புக் கதவு மோதும் சத்தத்துக்கு. கூரையோரம் காற்றில் படபடத்த நீலப் பிளாஸ்டிக் விரிப்புக்கு. ஈரச் சிமெண்டில் குளம்பு வழுக்குவதற்கு. யாராவது பின்னால் வந்து நிற்பதற்கு. கதவில் பழைய டயர் டியூபைச் சுற்றினேன். விரிப்பைக் கழற்றிப் போட்டேன். தரையில் ரப்பர் பாய் விரித்தேன்.

பிறகு தினமும் ஒரே பழைய தொழிற்சாலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன், என் வாசம் பழகட்டும் என்று. தொடுவதற்கு முன் தொண்டைக்குள்ளேயே மெல்ல ஒரு ஓசை எழுப்புவேன். பாட்டு இல்லை, வெறும் 'ம்ம்ம்'. தோள் பக்கமாக நெருங்குவேன். மாடு தலையைத் திருப்பிக்கொண்டால் நானும் ஓரடி பின்னால் போவேன். அது பார்த்து ஆச்சரியப்படும். அதுவரை எந்த மனிதரும் அதற்காகப் பின்னால் போனதில்லை. ஒருநாள் கறுப்பு மாடு தானாகவே கழுத்தை நீட்டிக் கொடுத்தது. தாடைக்கடியில் சொறிந்தேன். கண்ணை மூடி, உடம்பின் பாரத்தையெல்லாம் என் தோளில் சாய்த்தது.

எனக்கு மாடு என்றால் உயிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அது உண்மை இல்லை. ஒவ்வொரு மாடாக என் பக்கம் சாயும்போது எனக்குள் இருந்தது, "ஒன்று, இரண்டு, மூன்று" என்கிற கணக்குதான்.

கறுப்பு மாடு அவரிடம் பாலை அடக்கிக்கொண்டே இருந்ததால், "நீயே கறந்து பாரு, அப்ப தெரியும்" என்று வாளியைத் தூக்கி எறிந்தார். கால் கட்டாமல் கறந்தேன். வெந்நீரில் நனைத்த துணியால் மடியைத் துடைத்து, 'ம்ம்ம்' என்று சொல்லி உட்கார்ந்ததும் வாளியில் நுரை ஏறியது. ஆறு மாதத்தில் எல்லா மாடும் என் கைக்கு வந்தன. அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. விடிந்தபின் எழுந்து, பாலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், "நம்ம மாட்டுப் பாலு, தண்ணி சேராது" என்று பெருமை பேசிவிட்டு வந்தால் போதும். யாராவது எப்படி என்று என்னைக் கேட்டால், "தெரியலையே, கைராசி" என்பேன். அந்த ஓசையை யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

கோயில் திருவிழா வந்தது. கோயில் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று, இந்த ஆண்டு அபிஷேகப் பால் முழுவதும் தன் கொட்டகையிலிருந்து, அன்று காலை கறந்ததுதான் வரும் என்று சொல்லிவிட்டு வந்தார். எல்லோரும் கைதட்டினார்களாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதற்காகத்தானே காத்திருந்தேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் மதியப் பாலைக் கறந்து வைத்துவிட்டு, கூலாயில் இருக்கும் என் அக்காவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி ரயில் ஏறினேன். அக்கா நன்றாகத்தான் இருந்தாள்.

மறுநாள் காலை அண்ணன் மனைவி போனில் கூப்பிட்டார். பின்னால் வாளி உருளும் சத்தமும் அண்ணன் திட்டுகிற சத்தமும் கேட்டன.

"தங்கச்சி, ஒரு மாடும் நிக்க மாட்டேங்குது. அவருக்கு முட்டியில ஒதை விழுந்துருச்சு. நீ என்னமோ பண்ணுவியே, அது என்னா?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா உக்காந்து கறக்கறதுதான்."

"கொஞ்சம் சொல்லேன்மா. கோயில்ல காத்திருக்காங்க."

"நெசமா ஒண்ணும் இல்லக்கா."

போனை வைத்துவிட்டு அக்கா வீட்டில் இரண்டு தட்டு மீ கோரெங் சாப்பிட்டேன். அன்று அபிஷேகத்துக்குப் பட்டணத்துக் கடையிலிருந்து பெட்டிப் பால் வந்ததாம். நொண்டிக்கொண்டே அவர் பெட்டிகளைக் கத்தரித்து ஊற்றினாராம். எல்லோரும் பார்த்தார்களாம். என் கையில் அடி விழுந்தபோது தரையைப் பார்த்தவரும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். இன்பம் போதவில்லை. இன்னும் ஒரு நாள் தங்கினேன்.

கணவர் லாரியிலிருந்து கூப்பிட்டார். "வந்துடேன். மாடெல்லாம் கத்துதாம்."

"ஒங்க அண்ணன்கிட்ட கொழாய் இருக்குல்ல? அத வெச்சிக் கறக்கச் சொல்லுங்க."

மூன்றாம் நாள் காலையில் திரும்பினேன். தெருமுனையிலேயே மாடுகள் கத்துவது கேட்டது. மற்ற மாடுகளில் கன்று குடித்தது போக மீதி பால் சொட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு மாட்டின் கன்று மட்டும் திருவிழாவுக்கு முன்பே பால் மறந்திருந்தது. மாட்டின் மடி கல்லாகியிருந்தது. கை வைத்தேன், கொதித்தது. ஒரு காம்பை அழுத்தினேன். தயிர்த் திப்பியும் இரத்தமும் வந்தன.

அது என்னை உதைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உதைக்கவில்லை. வலியில் தொடையெல்லாம் நடுங்க, காலை அகற்றி வைத்து, எனக்கு வாகாக நின்றது. நான் 'ம்ம்ம்' என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தம் வரவில்லை.

மாட்டு டாக்டர் ஒரு மலாய்ப் பெண். ஊசி போட்டார், மடிக்குள் மருந்து ஏற்றினார். "ஒரு காம்பு போய்விட்டது. இனி அதில் பால் வராது" என்று மலாயில் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "சியாப்பா புனியா கெர்ஜா?" என்று கேட்டார். யார் செய்த வேலை இது?

நான் கையை நீட்டி அண்ணனைக் காட்டினேன்.

டாக்டர் அவரைக் கால் மணி நேரம் ஏசினார். மாடு அடிபட்ட பழைய தழும்புகளையும் பார்த்துவிட்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் புகார் போகும் என்றார். அவர் மனைவியும் பக்கத்து வீட்டாரும் நிற்க, அவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டார். இடையில் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே போனது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. நான் பார்வையை விலக்கவில்லை.

இனி அவர் கொட்டகைக்குள் வரக்கூடாது என்றேன். அவர் ஒப்புக்கொண்டார். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் தினமும் இரண்டு வேளை அந்த மடியில் உட்காரும்போது, நாலாவது காம்பு வற்றிச் சுருங்கிப் போவதை என் விரல்தான் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மருந்து முடிகிற நாளில் டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். "ஒரே ஆளுக்குப் பழகிய மாடு ஆபத்து. நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தால் இவற்றை யார் கறப்பது?"

யோசித்துப் பார்த்தேன். கணவர் ரோட்டில். அண்ணன் மனைவிக்கு மாடு என்றாலே பயம். மீதி இருந்தது அவர் ஒருவர்தான். நான் வெறுக்கிற மனிதருக்கு நானே சொல்லிக் கொடுக்க வேண்டும். மாடுகளுக்கு அந்தக் கடன் பட்டிருந்தேன்.

சொல்லிக் கொடுத்தேன், என் விருப்பப்படி. மோட்டார் சைக்கிளை ரோட்டிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். கொட்டகை வேலிக்கு வெளியே, தலையைக் குனிந்து, கையைத் தொங்கப் போட்டு, பேசாமல் ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னேன். மழை பெய்தாலும். "மாடு ஒங்கள மறக்கணும் மாமா, அதுக்கு நாளாகும்" என்றேன். மாடு மறக்கப் பத்துப் பதினைந்து நாள் போதும். நான் மூன்று மாதம் நிற்க வைத்தேன். தோட்டத்து ஆட்கள் போகிறபோது நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நான் கொட்டகைக்குள்ளிருந்து தேநீர் குடித்துக்கொண்டு பார்ப்பேன். ஒரு நாளும் அலுக்கவில்லை.

ஒருநாள் கறுப்பு மாடு வேலியோரம் போய், தொங்கிய அவர் கையை முகர்ந்தது. பிறகு நக்கியது.

"நக்குது" என்றார். குரல் உடைந்திருந்தது. "இங்க பாரேன், நக்குது."

எனக்குக் கறுப்பு மாட்டின் மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு சுலபமாகவா?

"கைய எடுங்க. இன்னிக்குப் போதும்" என்றேன். எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது அவர் நாலு மாடுகளைக் கறக்கிறார், கால் கட்டாமல். அந்த ஓசை அவருக்குச் சரியாக வருவதில்லை, இருமல் மாதிரி இருக்கும். மாடுகள் பொறுத்துக்கொள்கின்றன. கறுப்பு மாட்டை மட்டும் நான் விட்டுக் கொடுக்கவில்லை.

போன மாதம் நான் அதைக் கறந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார், நான் சொல்லிக் கொடுத்தபடி தோள் பக்கமாக.

"அன்னிக்கு நீ வேணும்னுதான் கூலாய்க்குப் போன, இல்ல?"

"ஆமா."

"தெரியும்." மாட்டின் விலாவில் இருந்த தழும்பைப் பார்த்தார். "அந்தக் கொழாயால ஒன்னைய அடிச்சது..."

"சத்தம் போடாதீங்க மாமா. மாடு மெரளும்."

மாடு மிரளவில்லை. அசைபோட்டுக்கொண்டு அமைதியாக நின்றது. அவர் வாயை மூடிக்கொண்டு, வந்த வழியே மெதுவாகப் பின்வாங்கிப் போனார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. எடுத்தாலும் கேட்பேனா என்று எனக்குத் தெரியாது.